ஒரே மொழி பேசும் அந்நியர்

பரங்கிமலையில் தொடங்கிப் பூந்தமல்லியை அடையும் நெடுஞ்சாலையை நம் பங்கு மக்கள் நன்கறிவர். நந்தம்பாக்கம், மணப்பாக்கம், முகலிவாக்கம், போரூர் ஆகிய ஊர்களைக் கடந்து, நம் ஐயப்பன்தாங்கலின் நடுவே புகுந்து, காட்டுப்பாக்கம், குமணன்சாவடி வழியாக அது மேற்கே செல்கிறது. நாள்தோறும் அதில் பயணம் செய்யும் நாம், அச்சாலை புறப்படும் இடத்தின் பெயரை எண்ணிப் பார்ப்பதில்லை. பரங்கி என்றால் அயல்நாட்டான். கடல் கடந்து வந்த போர்த்துக்கீசியரை நம் முன்னோர் அவ்வாறு அழைத்தனர். அவர்கள் குடியிருந்த மலைக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. அந்நியனின் பெயரைத் தாங்கிய இடத்திலிருந்துதான் நம் சாலையே தொடங்குகிறது.

அம்மலையின் உச்சிக்குச் செல்லும் படிக்கட்டுகளை அமைத்துத் தந்தவரும் ஓர் அந்நியரே. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர், பாரசீக நாட்டின் ஜுல்பா நகரிலிருந்து வந்த குடும்பத்தினர். சென்னையில் தங்கி வாணிகம் செய்த அவர், அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் 1726-ஆம் ஆண்டு தம் சொந்தச் செலவில் பாலம் ஒன்றைக் கட்டினார். அதனைப் பழுது பார்ப்பதற்கென்று தனியே பணமும் ஒதுக்கி வைத்தார். 1751-இல் இறந்த அவரது உடல் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் கட்டிய மர்மலாங் பாலம் இருந்த இடத்தில் இன்று மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. வந்த ஊருக்கு எதையேனும் கொடுக்க இடம் கிடைத்தபோது, அந்நியர் அவ்வூர்க்காரரானார் என்பதை அவர் வரலாறு காட்டுகிறது.

ஆனால் இக்கட்டுரை, பொருளீட்ட வந்த செல்வரைப் பற்றியதன்று. உயிரைக் காத்துக்கொள்ள வந்தவர்களைப் பற்றியது. அதிலும், நம் தாய்மொழியையே பேசிக்கொண்டு, நம் தெருக்களிலேயே குடியிருந்தும், ஏட்டில் இன்றும் அந்நியராகவே எழுதப்பட்டிருப்பவர்களைப் பற்றியது.

கடல் கடந்து வந்தோர்

1983-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இலங்கையில் தமிழருக்கு எதிராக மூண்ட வன்செயல்களை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அன்று தொடங்கிய வருகை பல அலைகளாக நீடித்தது. 1983-க்கும் 2012-க்கும் இடையில் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்தியாவில் புகலிடம் தேடினர். மன்னாரிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் படகேறி இராமேசுவரம் கரையை அடைந்தோர் மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டு, தமிழகமெங்கும் உள்ள முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். காலப்போக்கில் பலர் தாயகம் திரும்பினர். சிலர் மேலைநாடுகளுக்குச் சென்றனர். 2021-ஆம் ஆண்டின் நிலவரப்படி சுமார் 58,000 பேர் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களிலும், சுமார் 34,000 பேர் காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டு முகாம்களுக்கு வெளியிலும் வாழ்ந்தனர். 2022-இல் இலங்கையில் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடி மீண்டும் சில குடும்பங்களைப் படகேற்றியது.

முகாம்களுக்கு வெளியே வாழ்வோரில் பலர் சென்னையின் மேற்குப் புறத்தைத் தேர்ந்துகொண்டனர். வளசரவாக்கத்தில் தொடங்கி நம் பகுதி வரை வாடகை வீடுகளில் அவர்கள் பரவியுள்ளனர். முகாமில் இருப்போருக்கு அரசு தரும் மாத உதவித்தொகை இவர்களுக்கு இல்லை. உழைப்பும், வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பணமுமே இவர்கள் குடும்பங்களைத் தாங்குகின்றன.

கதைப்பதும் பேசுவதும்

மொழி தெரியாத நாட்டில் குடியேறுவோர் படும் பாடு இவர்களுக்கு இல்லையே என்று நாம் நினைக்கலாம். உண்மை அத்துணை எளிதன்று. நாம் பேசுகிறோம், அவர்கள் கதைக்கிறார்கள். நாம் ஆம் என்கிறோம். அவர்கள் ஓம் என்கிறார்கள். நாம் விரைவாக என்பதை அவர்கள் கெதியாக என்கிறார்கள். அழகு அவர்களுக்கு வடிவு. கடையில் பாண் கேட்ட சிறுவனைக் கடைக்காரர் விழித்துப் பார்க்கிறார். அவன் கேட்டது ரொட்டிதான். வகுப்பறையில் கதிரை என்று சொன்ன சிறுமியைப் பிள்ளைகள் கேலி செய்கின்றனர். அவள் சொன்னது நாற்காலியைத்தான். வேற்று மொழி பேசுவோனை மன்னித்து ஏற்கும் நாம், நம் மொழியையே சற்று வேறுபடப் பேசுவோனைக் கண்டு நகைக்கிறோம். இதனால் எத்தனையோ பிள்ளைகள் வீட்டில் ஒரு தமிழும் வெளியில் ஒரு தமிழும் பேசப் பழகிக்கொண்டனர். வாயைத் திறந்தவுடன் அந்நியன் என்று அறியப்பட்டுவிடுவோமோ என்ற அச்சமே அதற்குக் காரணம்.

நாம் நகைக்கும் அச்சொற்களின் வரலாறோ வியப்பிற்குரியது. பாண், கதிரை, சமையலறையைக் குறிக்கும் குசினி, காலணியைக் குறிக்கும் சப்பாத்து ஆகியவை போர்த்துக்கீசியச் சொற்களிலிருந்து வந்தவை. 1619-இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர், 1658-இல் ஒல்லாந்தரிடம் அதனை இழக்கும்வரை அங்கிருந்தனர். அவர்கள் போனபின்னும் சொற்கள் தங்கிவிட்டன. நம் வீட்டுச் சன்னலும் மேசையும் சாவியும் அலமாரியும் அதே வழியில் வந்தவைதாம். 1500-ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரேசில் கரையைக் கண்ட கப்ராலின் கப்பற்படை, அதே பயணத்தில் செப்டம்பரில் கள்ளிக்கோட்டையை வந்தடைந்தது. ஆதலால் இன்று பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகருக்குப் பிழைக்கச் செல்லும் ஒரு யாழ்ப்பாணத்தார், அங்கே அடுக்களையில் நின்று பாண், கதிரை, குசினி, சப்பாத்து, சன்னல் என்று சொன்னால், அவ்வீட்டார் பெரும்பாலும் புரிந்துகொள்வர்! உலகின் மறுகோடியில் விளங்கும் சொல், நம் தெருமுனைக் கடையில் விளங்காமற் போவது விந்தையன்றோ?

உணவிலும் இத்தகைய சிறு வேறுபாடுகள் உண்டு. மிளகாயையும் கொத்தமல்லியையும் வறுத்து இடித்த தூள், இடியப்பத்துடன் சொதி, தேங்காய்ச் சம்பல், பனங்கிழங்கு ஒடியலில் காய்ச்சும் கூழ் ஆகியவை அவர்கள் வீட்டு மணங்கள். நெல்லைச் சீமையார்க்குச் சொதியும், குமரி மாவட்டத்தார்க்குப் புட்டும் புதியவையல்ல. பக்தியிலும் உறவு உண்டு. மன்னார்ப் பகுதியிலிருந்து வந்தோரில் கத்தோலிக்கர் பலர். நமக்கு வேளாங்கண்ணி எப்படியோ, அவர்களுக்கு மடுத் திருத்தலம் அப்படி. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த ஆயிரக்கணக்கானோருக்கு அத்திருத்தலமே தங்குமிடமாயிற்று.

வாடகை வீடும் வாங்காத முத்திரையும்

1991 மே 21 அன்று, பூந்தமல்லிக்கு மேற்கே உள்ள திருப்பெரும்புதூரில் முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டார். அவ்வழக்கு பூந்தமல்லித் தனி நீதிமன்றத்தில்தான் நடந்தது. கொடுஞ்செயல் புரிந்தோர் சிலர். சந்தேகத்தின் நிழல் விழுந்ததோ இலங்கைத் தமிழர் அனைவர் மீதும். அவர்களுக்கு வீடு கொடுக்க மக்கள் அஞ்சினர். இருந்த வீட்டைக் காலி செய்யுமாறு கேட்கப்பட்டோரும் உண்டு. இத்தனை ஆண்டுகள் கடந்தபின்னும், வீடு பார்க்கச் செல்லும்போது சொந்த ஊர் எது என்ற கேள்வி எழுந்தவுடன் குரல் தாழ்கின்ற தந்தையரை நான் அறிவேன். வாடகையும் முன்பணமும் பேசி முடித்தபின், ஊர்ப்பெயர் கேட்டதும் கதவு சாத்தப்படுகிறது.

சட்டத்தின் நிலையையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. ஆதலால் இவர்கள் சட்டத்தின் பார்வையில் அயல்நாட்டினரே. இந்திய மண்ணில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்த பிள்ளை, பிறப்பாலேயே குடிமகன். அந்நாள் முதல் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராயிருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இவ்விதி மேலும் இறுகியது. எனவே, இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இலங்கையைக் கண்ணாலும் காணாத இளைஞர் பலர் இலங்கையராகவே கருதப்படுகின்றனர். அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு இல்லை. அரசுப் பணி இல்லை. பட்டம் பெற்றவர்களும் கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் வேலைக்குச் செல்வது முகாம்களில் வழக்கமான காட்சி. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரையே குறித்தது. இலங்கைத் தமிழரைச் சேர்க்கவில்லை.

நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்துவந்த பெண்மணி ஒருவர், தம் பிறப்புச் சான்றிதழை முன்வைத்து வழக்காடினார். 2022-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கடவுச்சீட்டுப் பெற்ற அவர், 2024-ஆம் ஆண்டின் நாடாளுமன்றத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். அப்போது அவருக்கு வயது 38. ஒரு தாள் ஒரு வாழ்வையே திறந்துவிட்டது. 2025 செப்டம்பரில் நடுவண் அரசு வெளியிட்ட ஆணையின்படி, 2015 ஜனவரி 9-க்குள் வந்து முறையாகப் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர், கடவுச்சீட்டும் விசாவும் இல்லை என்பதற்காகத் தண்டிக்கப்படமாட்டார்கள். இது தண்டனையிலிருந்து விலக்கு மட்டுமே, குடியுரிமை அன்று.

பிரேசில் காட்டும் பாடம்

முன்னே குறிப்பிட்ட பிரேசில் நாட்டை இவ்விடத்தில் மீண்டும் நோக்குவது பயன் தரும். 1908 ஜூன் 18 அன்று, ஜப்பானிய உழவர் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கசாட்டோ மாரு என்னும் கப்பல் சாந்தோஸ் துறைமுகத்தை அடைந்தது. அவர்களுக்கு மொழி தெரியாது, உணவு பிடிபடாது, காப்பித் தோட்டங்களில் கடும் உழைப்பு. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அவர்கள்மீது பகைவர் என்ற ஐயம் விழுந்தது. அவர்தம் பள்ளிகளும் நாளிதழ்களும் மூடப்பட்டன. 1943-இல் சாந்தோஸ் நகரிலிருந்து பல குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. எனினும் அவர்கள் வேரூன்றினர். ஜப்பானுக்கு வெளியே ஜப்பானிய வழியினர் மிகுதியாக வாழும் நாடு இன்று பிரேசிலே.

வேரூன்ற உதவியது எது? அந்நாட்டு மண்ணில் பிறந்த பிள்ளை பிரேசில் குடிமகன் என்ற சட்டம் முதன்மையானது. இன்றும், அயல்நாட்டார் ஒருவர் நான்கு ஆண்டுகள் அங்கு வாழ்ந்தபின் குடியுரிமை கோரலாம். பிரேசிலில் பிறந்த பிள்ளை இருக்குமானால் ஓராண்டே போதும். பிள்ளையின் தொட்டில் பெற்றோரையும் அந்த மண்ணோடு பிணைக்கிறது. அந்நாட்டில் குறைகள் இல்லை என்பதன்று. ஆனால் அந்நியம் என்பது தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பரம்பரைச் சொத்தாக அங்கே இருப்பதில்லை.

நம் கையில் உள்ளது

சட்டம் தரவேண்டியது ஒன்று; தெரு தரவேண்டியது வேறொன்று. முதலாவது அரசிடமும் நீதிமன்றத்திடமும் உள்ளது. இரண்டாவது நம்மிடம் உள்ளது. ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்திற்கு அங்கே எவரோ ஒருவர் தங்க இடம் கொடுத்திருக்க வேண்டும். அவர் பெயரை நாம் அறியோம்; அவர் செய்ததை அறிவோம்.

வாடகைக்கு வீடு வைத்திருக்கும் குடும்பத்தினர், காவல் நிலையப் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும், அது முறையே. ஆனால் ஊர்ப்பெயர் ஒன்றையே காரணமாக்கி மறுக்க வேண்டாம். தொழில் நடத்துவோர், பட்டம் பெற்ற இளைஞன் தூரிகையோடு வந்து நிற்கும்போது, வேறு என்ன தெரியும் என்று ஒருமுறை கேட்கட்டும். ஆசிரியர்கள், கதிரை என்று சொன்ன பிள்ளையைத் திருத்துவதற்கு முன், அச்சொல்லின் பயணத்தை வகுப்புக்கே எடுத்துரைக்கட்டும். தாய்மார்கள், அடுத்த வீட்டுச் சொதியைச் சுவைத்துப் பார்க்கட்டும்; தங்கள் சாம்பாரையும் கொடுத்தனுப்பட்டும்.

இக்கட்டுரையைப் படிக்கும் இலங்கைச் சகோதரர்களுக்கும் ஒரு சொல். பிள்ளைகளின் பிறப்பைத் தவறாமல் பதிவு செய்யுங்கள். 1987-க்கு முன் இங்கே பிறந்தவர்கள் வீட்டில் இருப்பின், மருத்துவமனைச் சீட்டு, திருமுழுக்குப் பதிவு, பள்ளிச் சான்று என எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். திருமுழுக்கு இங்கே நடந்திருந்தால், அந்தப் பங்கின் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும். பழைய ஏடுகளைப் புரட்டித் தேடித் தருவது பங்குத்தந்தையின் கடமை, தயங்காமல் கேளுங்கள்.

உஸ்கான் கட்டிய படிகளில் ஏறுவோர், அவர் எந்நாட்டார் என்று கேட்பதில்லை. நம் தெருவில் வாழ்வோரும் இவ்வூருக்கு எதையேனும் கொடுக்கவே விரும்புகின்றனர். பெற்றுக்கொள்ள நாம் ஆயத்தமா என்பதே கேள்வி. இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, கூட்டத்தின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் அக்குடும்பத்தினர் அருகில் சென்று, சற்று நேரம் கதைத்துப் பாருங்கள்.