திருந்திய வில்லனுக்கு என்ன வேலை கொடுப்பது?

கார்ட்டூன் ரசிகர்களிடையே தீராத வழக்கொன்று இருக்கிறது. தொடரின் தொடக்கத்தில் ஊரைக் கொளுத்தியவன் பாதியில் மனம் மாறி நாயகன் பக்கம் வந்துவிட்டால், அதன் பிறகு கதையில் அவனுக்கு என்ன இடம்? 2005 முதல் 2008 வரை ஒளிபரப்பான ‘அவதார்: த லாஸ்ட் ஏர்பென்டர்’ தொடரின் இளவரசன் சூக்கோவை, வில்லனைத் திருத்துவது எப்படி என்பதற்கு இலக்கணமாகக் காட்டுவார்கள். ‘ஸ்டீவன் யூனிவர்ஸ்’ தொடரின் வைரங்கள் எனப்படும் பேரரசிகளை, எப்படித் திருத்தக்கூடாது என்பதற்கு உதாரணமாக இழுப்பார்கள். கோள் கோளாகப் பிடித்து உயிர்களை அழித்த அந்த அரசிகள், 2019இல் ஒரு சிறப்பு அத்தியாயத்துக்குள் மனம் இளகிக் குடும்ப உறவினர் போல் ஆகிவிட்டது பலருக்குப் பொறுக்கவில்லை. அன்பு எவரையும் மாற்றும் என்பதே அந்தத் தொடரின் கொள்கை என்று மறுதரப்பு வாதாடியது. சிறுவர் சண்டை என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் கண்டி நகரத்தில் இதே வழக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. அதற்கு அறிவிப்புப் பலகைகள் உண்டு, நினைவுத்தூண் உண்டு, வர்த்தமானி அறிவித்தல்கூட உண்டு.

சூக்கோவின் கதை எடுபடுவதற்குக் காரணம் அவன் மனம் மாறும் காட்சி அல்ல. இரண்டாம் பருவத்தின் முடிவில், இதோ திருந்தப்போகிறான் என்று எல்லோரும் காத்திருந்த இடத்தில், தன்னைப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்ட பெரியப்பா ஐரோவையே அவன் கைவிடுகிறான். மூன்றாம் பருவத்தில் கட்சி மாறி வந்து நின்றபோது அவனை யாரும் ஆரத்தி எடுத்து வரவேற்கவில்லை. நாயகன் ஆங், அவன் தோழர்கள் சொக்கா, கட்டாரா என ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. கட்டாராவின் நம்பிக்கை அவனுக்குக் கடைசியாகத்தான் கிடைக்கிறது. மன்னிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவர்களிடம் இருக்கிறது என்பதையும், மாறியவன் கையிலிருந்த எதையோ இழந்தாக வேண்டும் என்பதையும், பழைய குற்றம் யார் கண்ணிலிருந்தும் மறையக்கூடாது என்பதையும் அந்தத் திரைக்கதை எங்கும் பிரசங்கம் செய்யாமல் நடத்திக் காட்டுகிறது. வைரங்களின் கதையில் இவற்றில் ஒன்றுகூடச் சரியாக நடக்கவில்லை. ரசிகர்களின் கோபத்துக்கு வேர் அதுதான்.

இந்த அளவுகோலை ஹொலிவூட்டிலிருந்து நாம் இறக்குமதி செய்யத் தேவையில்லை. கந்தபுராணத்துச் சூரபத்மன் மயிலாகவும் சேவலாகவும் ஆகி முருகனிடமே வேலைக்கு அமர்ந்தவன். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் கந்தசஷ்டியில் அவன் போரிட்டு வீழ்வதை முழுவதும் நடித்துக் காட்டிய பிறகே மயிலுக்கு இடம் வருகிறது. போர் வேண்டாம், நேரே மயிலுக்குப் போவோம் என்று எந்தக் கோயிலும் சுருக்குவதில்லை. கண்டி எசல பெரஹரவில் கதிர்காம தேவாலயத்தின் அணி காவடியாட்டத்தோடும் மயிற்பீலியோடும் வரும்போது, அந்தப் பீலியில் ஒரு பழைய எதிரியும் வருகிறான். பௌத்த மரபின் அங்குலிமாலன் இன்னும் கடுமையான உதாரணம். விரல்களை மாலையாகக் கோத்த கொலைகாரன் துறவியான பிறகு பிச்சைக்குப் போன இடத்தில் கல்லடி பட்டு இரத்தம் வழியத் திரும்புகிறான். பொறுத்துக்கொள் என்கிறார் புத்தர். அவன் பெயரால் வழங்கும் பிரித் இன்றும் இலங்கையில் கர்ப்பிணித் தாய்மாருக்காக ஓதப்படுகிறது. உயிர் எடுத்தவனுக்குப் பிறப்பைக் காக்கும் வேலை! கதை கல்லடியையும் மறைக்கவில்லை, வேலையையும் மறுக்கவில்லை.

இனிக் கண்டிக்கு வருவோம். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி அரண்மனையின் மகுல் மடுவ மண்டபத்தில் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டபோது, தங்கள் அரசனை நீக்கி நாட்டைப் பிரித்தானிய முடிக்கு ஒப்படைக்கச் சம்மதித்த பிரதானிகளில் மொனரவில கெப்பெட்டிப்பொலவும் ஒருவர். அதன்பின் வெள்ளையரின் கீழ் ஊவாவின் திசாவையாக, அதாவது மாகாண ஆளுநராக, பதவி வகித்தார். 1817இல் ஊவா வெல்லஸ்ஸவில் கிளர்ச்சி வெடித்தபோது அதை அடக்குவதற்கு ஆளும் ஆயுதமும் கொடுத்து அவரைத்தான் ஆங்கிலேயர் அனுப்பினார்கள். போன இடத்தில் அவர் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துகொண்டார். கொடுத்த துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார், அவர்கள் ஆயுதத்தாலேயே அவர்களைச் சுட விரும்பவில்லை என்று சொல்லப்படுகிறது. ஓராண்டு கழித்துப் பிடிபட்டார். 1818 நவம்பர் 26 அன்று போகம்பரையில் தலை வெட்டப்படுவதற்கு முன் தலதா மாளிகைக்குப் போய் வணங்கித் தம் மேலாடையையே காணிக்கையாக வைத்தார் என்று அப்போது அங்கிருந்த இராணுவ மருத்துவர் ஹென்றி மார்ஷல் எழுதியிருக்கிறார். அதே மார்ஷல் கெப்பெட்டிப்பொலவின் மண்டையோட்டை எடின்பரோவின் கபால ஆய்வுச் சங்கத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார் என்பது வேறு கதை. அந்த மண்டையோடு நாடு திரும்பி 1954இல் தலதா மாளிகைக்கு அருகே நினைவுத்தூணின் கீழ் வைக்கப்பட்டது. ஆங்கிலேயர் வர்த்தமானியில் அவரையும் தோழர்களையும் துரோகிகள் என்று அறிவித்ததை இலங்கை அரசு 2016 டிசம்பரில் நீக்கியது.

கெப்பெட்டிப்பொல உள்ளபடியே திருந்தினாரா என்று கேட்பவர்கள் உண்டு. புதிய ஆட்சியில் பிரதானிகளின் மரியாதையும் வருமானமும் தேய்ந்ததால்தான் அவர் மாறினார், தேசப்பற்று பிற்காலம் பூசிய சாயம் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கலாம். ஒருவன் உள்ளத்தில் எத்தனை வீதம் கொள்கை, எத்தனை வீதம் கசப்பு என்று அளக்க வரலாற்றாசிரியனாலும் முடியாது, தொலைக்காட்சி ரசிகனாலும் முடியாது. அளக்கக்கூடியது அவன் கொடுத்த விலை. ஊவாவின் திசாவைப் பதவியை வைத்துக்கொண்டு சாகும்வரை சுகமாக இருந்திருக்கக்கூடியவர் போகம்பரைக்கு நடந்து போனார். சூக்கோ மகுடத்துக்கு உரிய இளவரசனாக வீடு திரும்பிய பிறகு அதை உதறிவிட்டு வெளியேறுகிறானே, அந்தக் காட்சியின் எடை இதில் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரே நிற்பவர் எஹலப்பொல. கெப்பெட்டிப்பொலவின் சகோதரி குமாரிஹாமியைத்தான் அவர் மணந்திருந்தார், ஆகவே இரண்டு கதையும் ஒரே வீட்டுக் கதை. அரசனின் முதல் மந்திரியாக இருந்து, சந்தேகம் முற்றி, 1814இல் ஆங்கிலேயரிடம் ஓடினார். அவர் விட்டுப்போன மனைவியும் பிள்ளைகளும் அதே ஆண்டு மே மாதம் அரசனின் கட்டளையால் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகளைச் சிரச்சேதம் செய்து குமாரிஹாமியைப் போகம்பரை ஏரியில் அமிழ்த்தினார்கள். அந்தக் கோபத்தோடு வெள்ளையர் படைக்கு வழிகாட்டி வந்தார் எஹலப்பொல. அரியணை தமக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தார் என்றே பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். கிடைக்கவில்லை. 1818இல் கிளர்ச்சியோடு தொடர்புண்டு என்ற சந்தேகத்தில் ஆங்கிலேயர் அவரைச் சிறைப்பிடித்தார்கள். 1825இல் மொரீசியஸுக்கு நாடு கடத்தினார்கள். 1829இல் அங்கேயே இறந்தார். முடிவு இப்படி அவலமாக இருப்பதால் அவரையும் வெள்ளையரை எதிர்த்த வீரர் வரிசையில் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்பால் இரக்கப்படலாம், மனைவி மக்களை அப்படிப் பறிகொடுத்தவனைப் பார்த்து இரங்காதவன் மனிதனல்ல. ஆனால் தண்டனை தானாக வந்து விழுவது வேறு, தானாகப் போய் விலை கொடுப்பது வேறு. எஹலப்பொல தம் பழைய செயலுக்கு எதிராக வெளிப்படையாகச் செய்த செயல் என்று காட்ட எதுவும் இல்லை. திரைக்கதை பாவம் பார்த்துக் கொடுக்கும் வேடம் அவருக்குப் பொருந்தாது.

மிகச் சிக்கலானது அரசனின் வழக்கு. தென்னிந்திய நாயக்க வம்சத்தில் கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்து, 1798இல் முதல் மந்திரி பிலிமத்தலாவவின் ஆதரவால் அரியணை ஏறி, ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் என்ற பட்டத்தோடு 1815 வரை ஆண்டவர். கண்டி ஒப்பந்தத்தின் முதல் பிரிவே ‘மலபார்’ ஆட்சியாளனின் கொடுமைகள் பற்றித்தான் பேசுகிறது. அவருடைய ஆண் உறவினர் எவரும் கண்டி மாகாணங்களுக்குள் கால் வைக்கக்கூடாது என்றும் அதே ஒப்பந்தம் தடுத்தது. அதாவது, நாட்டைப் பிடித்தவர்கள் பிடித்ததற்கான நியாயமாக வில்லனையும் சேர்த்தே எழுதிக்கொண்டார்கள். குமாரிஹாமியைத் தன் பிள்ளைகளின் தலைகளை உரலில் இடிக்க வைத்தார்கள் என்ற பயங்கரமான செய்தியை 1821இல் நூலாக வெளியிட்ட ஜோன் டேவி, சம்பவத்துக்கு இரண்டு ஆண்டுகள் கழித்தே இலங்கைக்கு வந்தவர். கணநாத் ஒபயசேகர 2017இல் இந்த அரசன் மீது எழுதிய பெருநூலில், ஆங்கிலேய அதிகாரி டொய்லியின் உளவு வேலையும் ஆங்கிலப் பிரசாரமும் இந்த உருவத்தை எப்படிக் கட்டின என்று விரிவாகக் காட்டியிருக்கிறார். இன்னொரு சான்றும் உண்டு. அரசனைத் துரத்தி மூன்று வருடம்கூட முழுதாகக் கழியாத 1817இல், தான் நாயக்க வம்சத்துத் துரைசாமி என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவரைச் சுற்றித்தான் கிளர்ச்சி திரண்டது. அவர் போலி என்பது பின்னால் தெரிந்தது. ஆனாலும் அந்த வம்சம் மக்களுக்கு அவ்வளவு வெறுப்பாக இருந்திருந்தால் போலிக்கு அந்தப் பெயர் எதற்கு?

ஆகவே வில்லன் வேடத்தை அழித்துவிடலாம் என்று ஒரு தரப்பு. அவர்கள் கையில் வலுவான பொருட்கள் உண்டு. கண்டி வாவியும் பத்திரிப்புவ எண்கோண மண்டபமும் அவர் காலத்தவை. லண்டன் செல்சியின் இராணுவ மருத்துவமனையில் கண்டெடுக்கப்பட்ட அவருடைய சிங்கக்கொடியின் படம் 1915இல் பத்திரிகையில் வெளியானது, சுதந்திர நாளில் ஏறியதும் அந்தக் கொடிதான். 1934இல் குளோஸ்டர் கோமகன் கொண்டுவந்து கொடுத்த அரியணை இன்று தேசியச் சொத்து. வில்லனின் கொடியைத் தேசியக் கொடியில் வைத்துக்கொண்டு அவனை வில்லன் என்பது எப்படிச் சரி என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தமிழ் வாசகர்களாகிய நமக்கு இந்தத் தரப்பில் சாய்வதற்குக் கூடுதல் காரணமும் உண்டு. ‘வடுக அரசன்’, ‘தெமள அரசன்’ என்று அவரைத் தூற்றிய மேடைகள் நம்மையும் சேர்த்தே தூற்றின. வேலூரில் பாலாற்றங்கரையில் தமிழக அரசு எழுப்பிய முத்து மண்டபத்தைப் பார்த்து நெகிழும் இலங்கைத் தமிழர்கள் பலர்.

ஆனால் இங்கேதான் ரசிகர்கள் வழக்கமாகக் குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்று பாத்திரம் மாறுவது. மற்றது பாத்திரத்தைப் பற்றிய நம் கருத்து மாறுவது. கெப்பெட்டிப்பொல முதல் வகை. ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் இரண்டாம் வகை. மெதமகநுவரப் பக்கத்தில் பிடிபட்டு, 1816இல் வேலூர்க் கோட்டைக்குப் போய், 1832 ஜனவரியில் இறக்கும்வரை அவர் தம் கடந்தகாலத்தைப் பற்றி வருந்தியதாகவோ ஈடு செய்ததாகவோ கண்டியில் எவருக்கும் தெரியாது. மாறியவர்கள் பார்வையாளர்கள். பார்வையாளர்கள் மாறுவது நல்லதுதான், பொய்யான குற்றப்பத்திரிகையைக் கிழிப்பது கடமையும்கூட. உரல் கதை கட்டுக்கதையானால் அதைக் கிழிக்கட்டும். ஆனால் பிள்ளைகளின் கொலையும் குமாரிஹாமியின் மரணமும் பிரசாரத்தின் கண்டுபிடிப்புகள் அல்ல. சாயத்தைச் சுரண்டிய பிறகும் மிஞ்சி நிற்பவை. அந்தக் காலத்து அரசர்கள் எல்லோரும் அப்படித்தான், ராஜத்துரோகத்துக்குக் குடும்பத்தோடு தண்டிப்பது அன்றைய வழக்கம் என்று சொல்பவர்களுக்கு ஒரே பதில்: வழக்கம் என்பது ஏன் நடந்தது என்பதை விளக்கும், நடந்ததை இல்லையென்று ஆக்காது. அந்தக் கொலைக்குப் பின் அவர் சொந்தப் பிரதானிகளே அவரை விட்டு விலகினார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

கற்பனைத் தொடரையும் மெய் வரலாற்றையும் ஒரே தராசில் நிறுப்பதா என்று கேட்கலாம். வரலாறு நம் மக்களிடம் போய்ச் சேர்வது கதையாகத்தான். 2014இல் சுனில் ஆரியரத்ன ‘எஹலப்பொல குமாரிஹாமி’யை எடுத்தார், 2018இல் தேவிந்த கோங்கஹகே ‘கிரிவெசிபுர’வை எடுத்தார். ஒரே காலம், ஒரே அரண்மனை, ஆனால் அனுதாபம் வெவ்வேறு பக்கம். முதல் படத்தின் இதயம் கொல்லப்பட்ட தாய், இரண்டாவதன் நாயகன் அரசன். திரையரங்கிலிருந்து வெளியே வந்தவர்கள் எந்தப் படத்தைப் பார்த்தார்களோ அந்தப் படத்தின் தீர்ப்பைத்தான் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பாடப்புத்தகத்தை மறந்தவர்களும் படத்தை மறப்பதில்லை.

இலங்கையில் ‘கஜமன்’ என்ற முழுநீள முப்பரிமாண அசைபடம் 2023இல் வந்துவிட்டது. கண்டி அரசனின் கதையையும் யாராவது ஒரு நாள் அசைபடத் தொடராக எடுப்பார்கள், சிங்களத்திலும் தமிழிலும் குழந்தைகள் அதைப் பார்ப்பார்கள். அப்படி எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அரசனுக்கு நாயகன் வேடம் கொடுங்கள், அவர் அதற்கு அருகதை இல்லாதவர் அல்லர். வெள்ளையர் எழுதிய வசனத்தையும் தூக்கி எறியுங்கள். போகம்பரை அத்தியாயத்தை மட்டும் வெட்டாதீர்கள், அதைக் குமாரிஹாமியின் பக்கத்திலிருந்து சொல்லுங்கள்.