கூட்டாண்மை நிறுவன வருமான வரி (இந்தியா)

இருவரோ பலரோ சேர்ந்து நடத்தும் கூட்டாண்மை நிறுவனத்தின் இலாபத்தின் மீது இந்திய நடுவண் அரசு விதிக்கும் வரி, கூட்டாண்மை நிறுவன வருமான வரி ஆகும். நிறுவனம் தன் வருமானத்தில் 30 விழுக்காட்டை வரியாகவும், அவ்வரியின் மீது 4 விழுக்காட்டைக் கூடுதல் தீர்வையாகவும் செலுத்த வேண்டும். தனிநபருக்கு உள்ள விலக்கு வரம்பு நிறுவனத்துக்கு இல்லை. முதல் ரூபாயிலிருந்தே வரி உண்டு. எனினும் கூட்டாளிகளுக்குத் தரும் சம்பளமும் அவர்கள் இட்ட முதலுக்கான வட்டியும், சட்டம் வகுத்த எல்லைக்குள், நிறுவனத்தின் செலவாகக் கழிக்கப்படுகின்றன. இக்கழிவு கிடைப்பது பெரும்பாலும் கூட்டாண்மைப் பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்தது.

கீழே தரப்படும் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கு உரியவை. அதற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொடக்க நாள் 2026 ஏப்ரல் 1 ஆகும். அதில் எண்கள் வேறு.

வரலாறு

1992 வரை, வரித்துறையில் பதிவு பெற்ற நிறுவனம் குறைந்த அளவு வரியே செலுத்தியது. இலாபம் கூட்டாளிகளுக்குப் பிரிக்கப்பட்டு அவரவர் கணக்கில் மீண்டும் வரிக்கு உட்பட்டது. 1992ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இம்முறையைத் தலைகீழாக்கியது. 1993-94 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நிறுவனமே வரி செலுத்துகிறது. கூட்டாளி பெறும் இலாபப் பங்குக்குப் பிரிவு 10(2A)இன்படி வரி இல்லை. சம்பளமும் வட்டியும் மட்டுமே கூட்டாளியின் கையில் வரிக்கு உட்படுகின்றன.

சம்பளமும் வட்டியும்

பிரிவு 40(ஆ) இவற்றுக்கு எல்லை வகுக்கிறது. முதலுக்கான வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2002 வரை இது 18 விழுக்காடாக இருந்தது. சம்பளம், தொழிலில் நேரடியாக உழைக்கும் கூட்டாளிக்கு மட்டுமே உரியது. முதல் போட்டுவிட்டு ஒதுங்கியிருப்பவர் வட்டி பெறலாம், சம்பளம் பெற இயலாது. வட்டியைக் கழித்த பின், சம்பளத்தைக் கழிக்கும் முன் உள்ள ஏட்டு இலாபத்தில் முதல் 6 இலட்சத்துக்கு 90 விழுக்காடு அல்லது 3 இலட்சம், இவற்றுள் எது மிகுதியோ அதுவும், எஞ்சியதில் 60 விழுக்காடும் உச்ச அளவாகும். இது 2025-26 மதிப்பீட்டு ஆண்டு முதல் உள்ள அளவு. அதற்கு முன் முதல் 3 இலட்சத்துக்கே 90 விழுக்காடு அல்லது ஒன்றரை இலட்சம் என்றிருந்தது.

எடுத்துக்காட்டாக, சீமைக் கருவேலங்கரி வணிகம் நடைபெறும் திருச்சுழி வட்டத்தின் வீரசோழனில் இருவர் கூட்டாகக் கரி மொத்த வணிகம் நடத்துவதாகக் கொள்வோம். 2025-26 நிதியாண்டில் ஏட்டு இலாபம் 10 இலட்சம். பத்திரத்தில் சம்பளம் பற்றிய பேச்சே இல்லையெனில் வரி 3,12,000 ரூபாய். சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவைப் பத்திரம் வழங்கினால் 5,40,000உடன் 2,40,000 சேர்த்து 7,80,000 ரூபாய் கழியும். மீதி 2,20,000க்கு வரி 68,640 ரூபாய் மட்டுமே. ஆளுக்கு 3,90,000 பெறும் கூட்டாளிகள், வேறு வருமானம் இல்லாவிடில், புதிய வரிமுறையின் 4 இலட்ச வரம்புக்குள் அடங்குவதால் வரி செலுத்த வேண்டியதில்லை. ஆக 2,43,360 ரூபாய் வேறுபாடு. ஒரு சிற்றூர் வணிகத்துக்கு இது சிறு தொகையன்று.

பத்திரத்தின் வாசகம்

கூட்டாண்மை எழுத்து வடிவில் இருக்க வேண்டும். ஒவ்வொருவர் பங்கும் குறிக்கப்பட வேண்டும் (பிரிவு 184). சம்பளத் தொகையோ அதைக் கணக்கிடும் முறையோ பத்திரத்தில் இருக்க வேண்டும் என நேரடி வரிகள் நடுவண் வாரியத்தின் 739ஆம் சுற்றறிக்கை (1996 மார்ச் 25) கூறுகிறது. "கூட்டாளிகள் பின்னர் முடிவு செய்துகொள்வர்" என்ற வகை வரி போதாது. பழைய எண்களை அப்படியே எழுதி வைத்த பத்திரங்களும் இழப்பைத் தருவன. மேற்சொன்ன வணிகத்தில் பழைய கணக்குப்படி 6,90,000 மட்டுமே கழியும். வரி 28,080 ரூபாய் கூடும். பத்திரத்தைத் திருத்தலாம், ஆனால் திருத்தம் முந்தைய காலத்துக்குச் செல்லாது.

1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி நிறுவனத்தைப் பதிவு செய்வது வேறு பொருள். வரிக் கழிவுக்கு அது தேவையில்லை.

விற்றுமுதலில் 8 விழுக்காட்டை (வங்கி, மின்னணு வழி வரவுக்கு 6) இலாபமாகக் கொள்ளும் பிரிவு 44ADஐ நாடுவோர் கவனிக்க வேண்டியது: 2017-18 மதிப்பீட்டு ஆண்டு முதல் அத்தொகையிலிருந்து கூட்டாளி சம்பளத்தையோ வட்டியையோ கழிக்க இயலாது. கணக்கேடு எழுதும் சுமை குறைகிறது என்பதற்காக இவ்வழியைத் தேர்வோர், முதலில் இரு வழியிலும் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். மேலும் 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு கூட்டாளிக்கு ஆண்டில் தரும் சம்பளம், வட்டி முதலியன 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் 10 விழுக்காடு வரியைப் பிடித்துச் செலுத்த வேண்டும் (பிரிவு 194T).

மாநில வரி

இந்திய மாநிலங்கள் வேளாண் வருமானம் தவிர்த்த வருமானத்தின் மீது வருமான வரி விதிக்க இயலாது. அவற்றுக்கு உள்ளது தொழில் வரியே. அரசியலமைப்பின் 276ஆம் உறுப்பின்படி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் உச்சம். தமிழ்நாட்டில் உள்ளாட்சிகள் இதை அரையாண்டுக்கு ஒருமுறை தண்டுகின்றன. நிறுவனம் செலுத்தும் தொழில் வரி, உண்மையில் செலுத்தப்பட்டிருந்தால், செலவாகக் கழியும். வருமான வரி அவ்வாறு கழியாது.

அமெரிக்காவில் நிலை வேறு. அங்குக் கூட்டாண்மையின் இலாபம் உரிமையாளரின் சொந்தக் கணக்குக்கே செல்கிறது; பல மாநிலங்கள் தனி வருமான வரியும் விதிக்கின்றன. நடுவண் வரியில் கழிக்கத்தக்க மாநில, உள்ளாட்சி வரிகளுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் 10,000 டாலர் உச்சம் வைத்தது. 2025இல் இது 40,000 ஆக்கப்பட்டது, பெருவருமானம் உடையோருக்குக் குறையும். இவ்வுச்சம் தனிநபருக்கு உரியது, நிறுவனத்துக்கு அன்று. ஆகவே 2018இல் கனெடிகட்டும் தொடர்ந்து பல மாநிலங்களும் வரியை நிறுவனத்தின் மீதே விதிக்கத் தொடங்கின. அது நிறுவனச் செலவாக முழுதும் கழியும் என்பதை அந்நாட்டு வரித்துறை 2020 நவம்பரில் ஏற்றுக்கொண்டது.