ரப்பர் போல இருக்கும், ரப்பர் அல்ல: டி.பி.ஆர். சோல் பற்றிச் சில விவரங்கள்

நம் சங்கத்தில் காலணி வியாபாரம் செய்வோர் பலர் உள்ளனர். டி.பி.ஆர். சோல் போட்ட செருப்பை விற்காதவர் அவர்களில் எவரும் இருக்க முடியாது. ஆனால் அது என்ன பொருள் என்று வாடிக்கையாளர் கேட்டால், "ரப்பர்தான் சார்" என்று சொல்லிவிடுகிறோம். நானும் பல வருடங்கள் அப்படிச் சொல்லித்தான் விற்றேன். அந்த அறியாமைக்கு நான் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சித்திரை மாதம், தகரக் கூரை போட்ட குடோனின் பரணில் டி.பி.ஆர். சோல் மூட்டைகளை ஏழு அடுக்கு அடுக்கி வைத்தேன். ஆனியில் பிரித்துப் பார்த்தால், அடியில் இருந்த மூட்டைகளில் குதிகால் சப்பி, முனை வளைந்து, பல ஜோடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பக்கத்திலேயே இருந்த பழைய முறை ரப்பர் சோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அனுப்பியவர் சரக்கைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். சோல் தயாரிக்கும் ஒரு நண்பரிடம் கேட்டபோதுதான் காரணம் புரிந்தது. தவறு என்னுடையதே.

ரப்பர் என்பது மிக நீண்ட நூல்கள் சிக்கிக் கிடப்பது போன்ற பொருள். 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர், ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறையைக் கண்டார்; அப்படிச் சூடாக்கும்போது அந்த நூல்களுக்கு இடையே முடிச்சு விழுகிறது. அந்த முடிச்சு நிரந்தரமானது. எனவே அந்த ரப்பர் சாதாரணச் சூட்டில் உருகாது. கழிவை மறுபடி உருக்கிப் புதிய சோல் வார்க்கவும் முடியாது.

டி.பி.ஆர். சோலில் கந்தக முடிச்சு கிடையாது. அதில் முக்கியமான சரக்கு எஸ்.பி.எஸ். எனப்படும் பிளாக் கோபாலிமர். இதில் ஒவ்வொரு நூலும் மூன்று துண்டுகளால் ஆனது. இரு முனைகளிலும் பாலிஸ்டைரீன், அதாவது தெர்மோகோல் செய்கிற அதே பிளாஸ்டிக். நடுவில் பியூட்டாடையீன் ரப்பர். இவை இரண்டும் எண்ணெயும் தண்ணீரும் போல, சேரவே சேரா. ஆனால் ஒரே நூலில் பிணைந்திருப்பதால் எண்ணெய் போல மேலே மிதந்து தனியாகப் பிரிந்துபோகவும் வழியில்லை. ஒத்துப்போகாத அண்ணன் தம்பிகள் பூர்வீக வீட்டை விற்க முடியாமல், அதற்குள்ளேயே ஆளுக்கொரு அறையாக ஒதுங்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறோமே, அதே கதைதான்.

பாலிஸ்டைரீன் முனைகள் பக்கத்து நூல்களின் முனைகளோடு கூடிச் சிறுசிறு கெட்டிக் கட்டிகளாகின்றன. ஒரு கட்டியின் குறுக்களவு சுமார் 20, 30 நானோமீட்டர்; ஒரு மில்லிமீட்டரை 10 லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர். ஒரு நூலின் இரு முனைகள் பெரும்பாலும் வெவ்வேறு கட்டிகளில் மாட்டிக்கொள்வதால், கந்தக முடிச்சு செய்யும் வேலையை இந்தக் கட்டிகளே செய்கின்றன. யாரும் உள்ளே புகுந்து அடுக்கவில்லை. சூடு ஆறும்போது தானாகவே அமைகிற ஒழுங்கு இது.

கட்டியின் வடிவம் ஸ்டைரீன் அளவைப் பொறுத்தது. குறைவாக இருந்தால் குண்டுமணி போல உருண்டை. 30 சதவீதம் வாக்கில் குச்சி வடிவம். நன்றாக இழுபடும் ரப்பர் குணம் இந்த அளவில்தான். பாதிக்குப் பாதி ஆனால் தட்டுத் தட்டாக அடுக்கு விழும், பொருளும் விறைத்துவிடும். முக்கால் பங்கு ஸ்டைரீன் சேர்த்தால் சோலே அல்ல, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கப்! கட்டிகள் ஒளியைச் சிதறடிக்க முடியாத அளவுக்குச் சிறியவை என்பதால்தான் அப்படித் தெளிவாக இருக்கிறது. மூலப்பொருள்கள் அவையே, அளவு மாறினால் சரக்கே வேறாகிறது.

இப்படி நூலைத் துண்டு துண்டாக வளர்க்கும் வழியை 1956-ல் மைக்கேல் சுவார்க் என்ற விஞ்ஞானி காட்டினார். 1965-ல் ஷெல் நிறுவனம் க்ரேட்டான் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இனி என் குடோனுக்கு வருவோம். பாலிஸ்டைரீன் முழுதாக இளகுவது 100 டிகிரி அருகில். ஆனால் மேலே பாரம் இருந்தால் 60 டிகிரி வாக்கிலேயே அந்தக் கட்டிகள் பிடி தளர்ந்து, சோல் மெல்ல மெல்ல உருமாறும். சோலை மெத்தென்று ஆக்க எண்ணெய் வேறு சேர்க்கிறார்கள். கோடைத் தகரத்தின் கீழ் ஏழு மூட்டைப் பாரம் வைத்தால் வேறென்ன ஆகும்?

வேறு சில விஷயங்களும் இதிலிருந்தே விளங்கும். டோலுயின் பட்டால் கந்தக ரப்பர் வீங்கும், டி.பி.ஆர். கரைந்து பிசின் போல இழுபடும். சந்தேகமான சரக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம், பக்கத்தில் நெருப்பு மட்டும் வேண்டாம். பெட்ரோல், டீசல் புழங்கும் ஒர்க்‌ஷாப் ஆட்களுக்கு இந்தச் சோலைக் கொடுத்தால் செருப்பு சீக்கிரம் திரும்பி வரும். ஷோகேஸில் வெயில் படும்படி மாதக்கணக்கில் வைத்தால் வெடிப்பு விழும், ஏனெனில் நடுவிலுள்ள பியூட்டாடையீன் வெயிலுக்கும் காற்றுக்கும் ஈடுகொடுக்காது. அதில் ஹைட்ரஜன் ஏற்றிச் செய்யும் எஸ்.ஈ.பி.எஸ். வெயிலைத் தாங்கும், ஆனால் விலை கூடுதல். சாதாரணச் செருப்புக்குக் கட்டுப்படியாகாது.

இப்போது டி.பி.ஆர். சரக்கு வந்தால் பரணில் ஏற்றுவதில்லை. கீழ்த்தளத்தில், மூன்று அடுக்குக்கு மேல் போகாமல், முதலில் வந்ததை முதலில் அனுப்பிவிடுகிறேன்.