நீர் குறைந்தாலும் மிகுந்தாலும்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையை நம்மில் எவரும் எளிதில் மறந்துவிட இயலாது. காயல்பட்டினத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் மட்டும் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது, நெல் வயல்களும் வாழைத் தோட்டங்களும் நீரில் மூழ்கின. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 2016-இல், இதே தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை ஏறத்தாழ 62 விழுக்காடு குறைந்தது. மறு ஆண்டு ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசு அறிவிக்க நேர்ந்தது. இவ்விரு கொடுமைகளையும் வாய்பேசாப் பயிர் எவ்வாறு தாங்குகிறது?

தாகத்தில் தவிக்கும் பயிர்

இலையின் அடிப்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியாகவே செடி கரியமில வாயுவை உட்கொள்கிறது. நீராவியை வெளிவிடுவதும் அவற்றின் வழியேதான். மண்ணில் ஈரம் வற்றியதும் செடி அத்துளைகளை மூடிக்கொள்கிறது. நீர் மிஞ்சுகிறது, ஆனால் உணவு தயாரிக்கும் வேலை தடைப்படுகிறது. தாகத்திற்கு அஞ்சிப் பசியை ஏற்கும் நிலை இது எனலாம். நெல் பூக்கும் பருவத்தில் இந்நிலை வந்தால் கதிரில் மணி பிடிக்காது, பதரே மிஞ்சும்.

தென்னையின் துன்பம் இன்னும் நீண்டது. குருத்தினுள் பாளை கருக்கொள்வது முதல் தேங்காய் முற்றும் வரை ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே ஓராண்டு வறட்சியின் வடு, நல்ல மழை பெய்த பின்னும் காய்ப்பில் தொடர்ந்து தெரியும். மழை வந்துவிட்டதே, மரம் ஏன் காய்க்கவில்லை என்று வியப்போர் இதனை எண்ணிப் பார்ப்பது நலம்.

வெள்ளத்தில் மூச்சுத் திணறல்

வேரும் மூச்சுவிடுகிறது. மண்துகள்களுக்கு இடையே உள்ள காற்றே அதற்கு ஆதாரம். நீர் தேங்கும்போது அக்காற்று வெளியேறிவிடுகிறது. பிராணவாயு இன்றி வேர் சோர்ந்து, நீரை உறிஞ்சும் ஆற்றலையும் இழக்கிறது. எனவேதான் நீரில் நிற்கும் வாழையும் நீரின்றி வாடியதுபோல் இலை தொங்கி நிற்கிறது! பெருமழை மண்ணிலுள்ள தழைச்சத்தையும் கரைத்துச் சென்றுவிடுவதால், எஞ்சிய பயிரும் வெளிறிப்போகிறது.

நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழல்கள் உண்டு. ஆதலால் அது சேற்றிலும் வாழும். ஆனால் முழுவதும் மூழ்கினால் அதுவும் அழியும். ஒடிசாவின் பழைய நெல் வகையொன்றில் இதற்கு விடை கிடைத்தது. அப்பயிர் மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்தி, சேமித்த உணவைக் காத்து, நீர் வடிந்தபின் மீண்டும் தளிர்க்கிறது. அப்பண்பைப் பெற்ற சுவர்ணா சப்-1 போன்ற நெல் வகைகள் ஏறத்தாழ இரண்டு வாரம் வரை வெள்ளத்தைத் தாங்குகின்றன.

நம் கடமை

மழையின் அளவை நாம் வகுக்க இயலாது. ஆனால் மண்ணை ஆயத்தப்படுத்த இயலும். காய்ந்த சருகையும் தென்னை மட்டையையும் எரிக்காமல் மரத்தடியில் மூடாக்காக இடுவோம். வெயிலில் ஈரம் காக்கும், மழையில் மண்ணரிப்பைத் தடுக்கும். மழைக்காலத்திற்கு முன்பே வடிகாலைச் செப்பனிடுவோம். ஊர்க் குளத்தைத் தூர் வாருவதில் நம் இல்லத்தாரும் தோள் கொடுக்கட்டும். வெள்ளத்தில் வரும் நீரைக் கோடைக்கெனச் சேர்த்து வைப்பது அக்குளமே அன்றோ!