அடுப்படிக்கு டைல்ஸ் போடப் போறீங்களா? முதலில் உயரத்தைப் பாருங்கள்!



எங்கள் வீட்டு அடுப்படியைப் புதுசாக்கப் போகிறோம். அப்பாவின் சீட்டுப் பணம் ஒரு தடவைதான் வரும். அதனால் இடிக்கும் முன்பே கொத்தனாரை வைத்துக் கணக்குப் போட்டோம். உங்கள் வீட்டுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

1. உயரம்

எங்களுடையது பழைய சிவப்பு சிமெண்ட் தரை. "உடைக்காம மேலயே போட்டா கூலி மிச்சம்" என்றார் அப்பா. ஆனால் கலவை ஒன்றரை அங்குலம், டைல்ஸ் கனம் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அடுப்படி சுமார் 2 அங்குலம் உயர்ந்துவிடும். கூடம் அப்படியே இருக்கும். நடுவில் ஒரு குட்டிப் படி வந்துவிடும். எங்க ஆயாவுக்கு முட்டி வலி, காலைத் தேய்த்துத்தான் நடப்பாங்க. தடுக்கி விழுந்தால் என்ன ஆகும்? உள்பக்கம் திறக்கிற தோட்டக் கதவும் தரையில் இடிக்கும்.

பசை வைத்து ஒட்டினால் உயரம் குறையும். ஆனால் அதற்குப் பழைய தரை கெட்டியாக இருக்க வேண்டும். எங்கள் தரையைத் தட்டினால் பல இடத்தில் 'டொப் டொப்'னு கேட்குது. உள்ளே பிடிப்பு விட்டுப்போச்சு என்று அர்த்தம். "ஒரு நாள் கூலியப் பாத்தா ஆயுசுக்கும் தடுக்கும் சார்" என்றார் கொத்தனார். தரையை உடைப்பது என்று முடிவானது.

2. வரிசை

முதலில் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும். அடுத்து மேடை. கடைசியில்தான் தரை. தரையை முதலில் போட்டால், மேடைக்குக் கடப்பா கல் தூக்கும்போது கை நழுவினால் புது டைல்ஸ் உடையும். குழாயை மறந்துவிட்டாலோ மறுபடி தோண்ட வேண்டும்.

3. வாட்டம்

தரையைக் கழுவினால் தண்ணீர் தானாக ஓட்டைப் பக்கம் போக வேண்டும். இந்தச் சாய்வைத்தான் வாட்டம் என்கிறார்கள். இதற்கு மட்டம் பார்க்க, உள்ளே தெரிகிற நீளமான டியூபில் தண்ணீர் நிரப்புவார்கள். டியூப் எப்படி வளைந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நம் அறிவியல் பாடம்தான்!

4. எண்ணிக்கை

அடுப்படி நீளம் 10 அடி, அகலம் 8 அடி. பரப்பளவு 10 × 8 = 80 சதுர அடி. ஓர் அடிக்கு ஓர் அடி டைல்ஸ் என்றால் 80 வேண்டும். வெட்டுவதிலும் உடைவதிலும் போக 10 சதவீதம், அதாவது 8 கூடுதல். ஆக 88. மேடைக்குக் கீழே சிலிண்டர் வைக்கிற இடமும் இதில் அடக்கம். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். நம்பர் மாறினால் நிறமும் லேசாக மாறலாம். மிச்சமானதைப் பரணில் வையுங்கள். நாளைக்கு ஒன்று உடைந்தால் உதவும்.

5. எந்த டைல்ஸ்?

காரைக்குடி பக்கம் ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டுக் கையாலேயே டைல்ஸ் செய்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை. ரொம்ப அழகு! ஆனால் அது சிமெண்ட். புளி, எலுமிச்சை சிந்தினால் அமிலம் அரித்துக் கறை பிடிக்கும். உடனே துடைக்க வேண்டும். விட்ரிஃபைடு டைல்ஸ் அதிக வெப்பத்தில் சுட்டது. தண்ணீரை உறிஞ்சாது, கறையும் சுலபத்தில் பிடிக்காது. ஆனால் பளபளப்பாக இருந்தால் ஈரத்தில் வழுக்கும். அதனால் சொரசொரப்பான 'மேட்' ரகம் எடுக்கப் போகிறோம்.

கடையில் போய் நின்றால் எல்லாரும் முதலில் பூவையும் கலரையும்தான் பார்க்கிறோம். உங்கள் வீட்டில் யார் எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அப்புறம் கடைக்குப் போங்கள்!



— ஒன்பதாம் வகுப்பு மாணவி, மூலக்குளம்