உச்சியில ஒரு டவர் போதாதா? நாகமலை சொல்லும் ஆன்டெனா கணக்கு

மதுரையில் இருந்து தேனி சாலையில் வந்தால், நாகமலை புதுக்கோட்டையில் வலப்பக்கம் பாம்பு படுத்திருப்பது போல நீண்டு கிடக்கிறது நாகமலை. இந்தப் பக்கம் நெடுஞ்சாலை, காலனிகள், காமராசர் பல்கலைக்கழகம். அந்தப் பக்கம் வைகையை ஒட்டிய மேலக்கால் சாலை, வயல்கள். இரண்டு பக்கமும் நல்ல சிக்னல் கிடைக்க ஆன்டெனாவை எங்கே வைப்பது?

மலை ஏன் தடை?

ரேடியோ அலையும் ஒளி மாதிரிதான்; பாறைக்குப் பின்னால் நிழல் விழும். 2022-இல் 5ஜிக்காக ஏலம் போன அலைவரிசைகளில் 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 செ.மீ. அது விளிம்பில் ஓரளவு வளைந்து இறங்கும். வேகமான டேட்டா தரும் 3,500 மெகாஹெர்ட்ஸ் அலை 9 செ.மீ.கூட இல்லை. அதற்கு நிழல் அழுத்தமாக விழும்.

உச்சியில் நட்டால்?

தூரம் நன்றாகப் போகும். ஆனால் சரிவு மறைப்பதால் அடிவாரத்து வீடுகள் விட்டுப்போகலாம். மின்சாரம், ஃபைபர் கேபிளை மேலே கொண்டுபோக வேண்டும். இரு பக்கத்து மக்களும் ஒரே டவரின் வேகத்தைப் பங்கு போட வேண்டியிருக்கும்.

பிரித்து வைத்தால்?

ஒரு வட்டத்தை, அதில் பாதி ஆரம் கொண்ட 7 சிறு வட்டங்களால் முழுக்க மூடிவிடலாம். அதாவது 7 சிறிய ஆன்டெனா வைத்தால், யாருக்கும் பழைய தூரத்தில் பாதிக்கு மேல் இருக்காது. கட்டடங்கள் நெருக்கமான இடத்தில் தூரம் பாதியானால், தேவைப்படும் சக்தி 16-இல் ஒரு பங்கு வரை குறையும். ஏழையும் கூட்டினாலும் பழைய சக்தியில் பாதிகூட வராது. ஆனா ஒவ்வொன்றுக்கும் இடமும் கேபிளும் வேணும். செலவு அங்கேதான் ஏறும்.

மதுரை மாவட்டத்துக்கு இது புதுசு இல்லை. 2001-இல் மேலூர் வட்டாரத்தில் 'சாரி' திட்டம், சென்னை ஐஐடி குழு உருவாக்கிய 'கார்டெக்ட்' வயர்லெஸ் மூலம் கிராம இன்டர்நெட் மையங்களை இணைத்தது. ஆன்டெனாக்கள் ஒன்றுக்கொன்று நேராகத் தெரிந்தால் 10 கி.மீ. எட்டும், நடுவே ரிலே நிலையம் வைத்தால் 25 கி.மீ. வரை நீட்டலாம்.

யாருக்காகக் கணக்கு?

கம்ப்யூட்டரில் மலையின் உயரப் படத்தையும் வீடுகளையும் ஏற்றி, சிறந்த இடத்தைத் தேடச் சொல்லலாம். ஆனால் எது 'சிறந்தது' என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும். சராசரி வேகம் கூடணும் என்றால், ஆன்டெனாக்கள் ஆள் கூட்டமுள்ள நெடுஞ்சாலை ஓரமே குவியும். மலையோரத்துத் தனி வீடு நிழலிலேயே நிற்கும். குறைந்த சிக்னல் உள்ளவருக்கு முதலில் என்றால், ஒன்றிரண்டு மலைக்கு அந்தப் பக்கம் போகும். சாலையோரத்து வேகம் கொஞ்சம் குறையும்.

ஆம்புலன்ஸுக்கு போன் போடுபவர் எந்தப் பக்கமும் இருக்கலாம். அதை மறக்காமல் போடுவதுதான் நல்ல கணக்கு.