கடலின் முதல் உணரி வெலிமடைப் பாலத்தில்

மலைநாட்டு வெலிமடையிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆனால் ஊரின் தண்ணீர் இரண்டு கடற்கரைகளுக்குப் போகிறது. ஊரின் ஆறான உமா ஓயா ரந்தம்பையில் மகாவலியோடு சேர்ந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. அது பழைய வழி. 2024 ஏப்ரல் 24 அன்று உமா ஓயா பல்நோக்குத் திட்டம் திறக்கப்பட்ட பிறகு, அதே நீரில் ஒரு பகுதி புஹுல்பொல, டயரபா அணைகளில் மறிக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கத்தால் கரந்தகொல்லை மின்நிலையத்துக்கு இறங்கி, கிரிந்தி ஓயாப் பக்கமாகத் தெற்கே போகிறது. பண்டாரவளையில் கிணறுகள் வற்றியதால் அந்தச் சுரங்கத்தை நாடே அறியும். அதன் மறுமுனையைப் பற்றித்தான் பேச்சு குறைவு.

இந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது? வெலிமடையில் யல போகத்தில் நெல்வயல்களிலேயே உருளைக்கிழங்கு போடுவார்கள். மகா போகத்தில் கிழங்கு மேட்டுநிலத்துக்கு ஏறிவிடும். அதாவது வடகீழ்ப் பருவமழை கொட்டும் மாதங்களில்தான் சரிவு நிலம் கொத்தப்பட்டுப் பொலபொலவென்று கிடக்கிறது. கிழங்கு உரம் கேட்கிற பயிர். கோவாவும் லீக்ஸும் சளைத்தவை அல்ல. ஒரு பெருமழைக்கு மண்ணும் உரமும் சேர்ந்தே ஓயாவில் இறங்குகின்றன. 1990இல் இயங்கத் தொடங்கிய ரந்தம்பை நீர்த்தேக்கம் அன்றுமுதல் அந்த வண்டலை வாங்கிக்கொண்டே இருக்கிறது.

கடலோர நீரைச் சோதிக்கப் பழைய வழி போத்தல்தான். படகில் போய், நீர் மொண்டு, ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது. ஆனால் படகேறுவது நல்ல வெயில் நாளில். ஆறு சேறும் உரமும் கொண்டுவந்து கொட்டுவது மழை பெய்த இரவில். போத்தல் கையில் வரும்போது சம்பவம் முடிந்திருக்கும். இதற்காகத்தான் கரையோரத்தில் மிதவை கட்டி, இரவும் பகலும் அளக்கும் உணரிகளைத் தொங்கவிடுகிறார்கள். ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம் கொச்சி, விசாகப்பட்டினம் கடலோரங்களில் இப்படி மிதவைகளை நிறுத்தியிருக்கிறது.

உணரிகள் பெரும்பாலும் ஒளியைக் கொண்டே வேலை செய்கின்றன. கலங்கலை அறிய, செங்கீழ் ஒளியை நீரில் பாய்ச்சி, துகள்களில் பட்டுப் பக்கவாட்டில் சிதறுவதை அளக்கிறார்கள். நைத்திரேற்று கழியூதா ஒளியை உறிஞ்சும். எவ்வளவு ஒளி குறைந்தது என்று பார்த்தால் போதும், இரசாயனம் எதுவும் தேவையில்லை. நுண்பாசிக்கு நீல ஒளி காட்டினால் அதன் பச்சையம் சிவப்பாக ஒளிரும். இதில் ஒரு குறும்பு உண்டு: உச்சி வெயிலில் பாசி தன் ஒளிர்வைக் குறைத்துக்கொள்ளும், கருவியோ பாசியே குறைந்ததாக எழுதிவைக்கும். உவர்ப்புக்கு மட்டும் ஒளி வேண்டாம். நீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதே கணக்கு.

இனி மலைக்கு வருவோம். உரத்தின் பொஸ்பேற்று பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு போகும். அதனால் அதில் கணிசமான பங்கு ரந்தம்பைச் சேற்றில் தங்கிவிடுகிறது. நைத்திரேற்று கரைந்து போகிற சரக்கு, அதை அணையால் அப்படிப் பிடித்துவைக்க முடியாது. ஆனால் கொட்டியாரக் குடாவில் மூதூருக்கு எதிரே மிதக்கும் உணரி நைத்திரேற்று கூடியதாகச் சொன்னால், அது வெலிமடைக் கிழங்குத் தோட்டத்துடையதா, வழியிலுள்ள நெல்வயல்களுடையதா? கடலில் நிற்கும் கருவியால் அதைச் சொல்ல முடியாது. ஆகவே என் கட்சி இது: கடலோரக் கண்காணிப்பின் முதல் உணரியை வெலிமடைப் பாலத்தில் பூட்ட வேண்டும். அடுத்தது ரந்தம்பைக்குக் கீழே, பிறகு மனம்பிட்டியில், கடைசியாகக் குடாவில். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் தடை நீங்கியது. விவசாயிக்கு அது பேரிடி. ஆனால் அந்த மாதங்களுக்கு இப்படியொரு தொடர்பதிவு இருந்திருந்தால், உரத்துக்கும் ஆற்றுக்கும் உள்ள கணக்கு எண்ணில் தெரிந்திருக்கும்.

தெற்கு வழியில் முன்னனுபவம் இருக்கிறது. 1980களில் கிரிந்தி ஓயாவை மறித்து லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் கட்டி வயல் விரிந்தபோது, வயலின் கழிநீர் புந்தலவின் எம்பிலிகல, மலல களப்புகளில் இறங்கியது. 1990இல் இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. களப்பின் உவர்ப்பு இறங்கியது, இறால் பிடிப்பு சரிந்தது. கெடுத்தது நஞ்சு மட்டுமே என்று சொல்ல முடியாது. நன்னீரே மிஞ்சியதும் ஒரு காரணம். மலிவான உவர்ப்பு உணரி ஒன்றே முன்கூட்டிக் காட்டியிருக்கக்கூடிய மாற்றம் அது. இப்போது அதே திசைக்குத்தான் மலைநீரும் கூடுதலாகப் போகிறது.

கருவி வாங்குவது எளிது. வெப்பக் கடலில் சில வாரங்களிலேயே பாசியும் கொட்டலசும் கண்ணாடியை மூடிவிடும். உணரி கடலைப் பார்க்காமல் தன்மேல் வளர்ந்ததையே அளந்துகொண்டிருக்கும். செம்புக் கவசமும், பஸ் கண்ணாடிக்கு இருப்பதுபோல ஒரு வைப்பரும் வைக்கிறார்கள். அப்படியும் ஆள் போய்த்தான் ஆக வேண்டும், அதுவும் படகில். மலையில் அந்தச் சிரமம் பாதி. உமா ஓயாவில் கொட்டலசு ஒட்டாது, சேறும் பாசியும்தான். பாலத்திலிருந்து கயிற்றில் இழுத்துத் துடைத்து, ஒரு போத்தல் நீரும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க, வாரத்துக்கு ஒருமுறை ஊரில் ஒருவர் போதும்.